தம்பி, கார்டு வாங்குமுன் கேபினெட்டைத் திற

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில், "கேப்சர் கார்டு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிடவாம்மா?" என்று கேட்டாய், கேமரா வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் அந்தக் கார்டைத்தான். பொறு என்று மட்டும் சொன்னேன். போனில் விளக்கினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கார்டை விடு. முதலில் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுகளைப் பார். ஓர் அங்குல நீளத்தில் குட்டையாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. மூன்றரை அங்குலத்துக்கு நீண்டு, முனையில் கொக்கி வைத்திருப்பது எக்ஸ்16. இவற்றோடு கொஞ்சம் உள்தள்ளி வெள்ளை நிறத்தில் நீளமாக ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் பழைய பிசிஐ. பிசிஐக்கும் எக்ஸ்பிரஸுக்கும் பெயரில்தான் உறவு, ஒன்றின் கார்டு மற்றதில் ஏறாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உன் அக்கா நடை பழகிய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசைப்பட்டு, அட்டைப்பெட்டியில் 'பிசிஐ' என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததுமே ஒரு கார்டை வாங்கி வந்துவிட்டேன். நம் போர்டில் இருந்ததோ எல்லாமே எக்ஸ்பிரஸ். அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்து, போயிடும்" என்றார். நல்லவேளை, நான் அழுத்தவில்லை. அந்தக் கார்டு இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

எக்ஸ்பிரஸில் ஒரு சௌகரியம், சின்ன கார்டு பெரிய ஸ்லாட்டிலும் வேலை செய்யும். ஆனால் ஸ்லாட்டின் நீளத்தை நம்பிவிடாதே. டார்ச் அடித்து உள்ளே பார். சிலதில் எக்ஸ்16 நீளம் இருக்கும், தங்க நிறப் பின்கள் பாதிக்கு முன்பே நின்றிருக்கும். அது எக்ஸ்4 வேகம்தான் தரும், அதாவது பதினாறு லேனுக்கு (தரவு ஓடும் பாதை) பதிலாக நான்கு.

வேகம் ஏன் முக்கியம் என்கிறாயா? உன் கேமராவிலிருந்து வருவது 1920×1080, நொடிக்கு 60 ஃபிரேம். சுருக்காமல் எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 2 பைட். பெருக்கிப் பார், நொடிக்குச் சுமார் 249 எம்பி (மெகாபைட்). பழைய பிசிஐயின் மொத்த வேகமே நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். கேசட் வீடியோவுக்கு நொடிக்கு 21 எம்பி போதும் என்பதால் அந்தக் காலத்தில் அது தாங்கியது. எக்ஸ்பிரஸ் முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு 250 எம்பி, அதுவும் காகிதக் கணக்கு. நிஜத்தில் குறையும், நடுநடுவே ஃபிரேம் விட்டுப்போகும். இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 என்றால் 500, உனக்குத் தாராளம். 4கே (நீளம், உயரம் இரண்டும் இருமடங்கு) 60 ஃபிரேம் ஆசை இருந்தால் எல்லாம் நான்கு மடங்கு. அப்போது இரண்டாம் தலைமுறை எக்ஸ்4க்குக் குறைந்து யோசிக்காதே.

அப்புறம் உன் எம்.2 எஸ்எஸ்டி, போர்டில் நேராகச் செருகும் அந்தச் சின்ன சேமிப்பு அட்டை. சில போர்டுகளில் எம்.2வும் ஒரு ஸ்லாட்டும் ஒரே லேன்களைப் பகிர்ந்துகொள்ளும். எம்.2வில் எஸ்எஸ்டி இருந்தால் அந்த ஸ்லாட்டில் கார்டு செத்த மாதிரி கிடக்கும். மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படி. உன் கிராபிக்ஸ் கார்டு வேறு இரண்டு ஸ்லாட் தடிமன், பக்கத்து ஸ்லாட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார். மலிவாக வருகிறது என்கிறாயே, அந்தக் கார்டுக்கு உன் விண்டோஸுக்கேற்ற டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உண்டா? பழைய கார்டுகள் மலிவாவதே பல நேரம் இதனால்தான்.

கேபினெட்டைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போர்டின் மாடல் எண் ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் எங்காவது அச்சடித்திருக்கும், அதுவும் தெரியட்டும். மேனுவலை நான் தேடிப் பார்க்கிறேன். அதுவரை ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அம்மா