மறுநாள் காலையைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இளைஞர்களின் போதைப்பழக்கமும் அதனால் நேரும் பாலுறவு ஆபத்துகளும் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் பேசக் கூசும் விஷயத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால், தவிர்த்துவிடுங்கள் என்ற அறிவுரையோடு கட்டுரை முடிந்துவிட்டது. தவிர்க்காமல் போனவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இளையோர் நல ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, 28 நாள் விடாமல் உட்கொண்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். முதல் வேளை மருந்துக்காகப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவசரக் கருத்தடைக்கான லெவோநார்கெஸ்ட்ரல் மாத்திரையையும் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை விரைவாக, எடுத்துக்கொள்ள வேண்டும். அது தவறினாலும், 5 நாளுக்குள் காப்பர்-டி என்னும் கருத்தடைச் சாதனத்தைக் கருப்பையில் பொருத்திக் கருத்தரிப்பைத் தடுக்க வழியுண்டு.

என்னிடம் வந்த ஓர் இளைஞர், தூக்கம் வரவில்லை என்றுதான் பேச்சைத் தொடங்கினார். நெடுநேரத்துக்குப் பிறகே, விருந்தொன்றில் மாத்திரை போட்டுக்கொண்டதும், பையில் ஆணுறை இருந்தும் அதை எடுக்கத் தோன்றாமல் போனதும் வெளியே வந்தன. அதற்குள் ஏறக்குறைய ஒரு வாரம் கடந்திருந்தது. "போதை மாத்திரைன்னு சொன்னா வீட்டுக்குச் சொல்லிடுவாங்கன்னு பயந்தேன்" என்றார். மருந்துக்கான காலத்தை அவர் இழந்தது அறியாமையால் மட்டுமன்று, ஏச்சுக்கு அஞ்சியதாலும்தான்.

போதை, அந்த நேரத்து ஆசையை மட்டும் முன்னிறுத்தி, பின்விளைவை மனத்திலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே தெரிந்திருந்தும் தவறியவரைத் திட்டுவதில் பயனில்லை. கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் பலருக்கு அறிகுறியே காட்டாமல் உள்ளே தங்கி, பிற்காலத்தில் குழந்தைப்பேற்றையே பாதிக்கக்கூடும் என்பதால், உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்று இருந்துவிடவும் கூடாது.

நடந்தது நினைவில்லை என்று சொல்லி வருபவர்களும் உண்டு. சுயநினைவற்றவரின் மௌனம் சம்மதமாகாது; அவர்களுக்கு நேர்ந்தது வன்முறை, குடித்திருந்தது அவர்களைக் குற்றவாளி ஆக்காது என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் இதே கால வரம்புகள்தாம்.

எனவே, இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது இந்தக் கால வரம்புகளையும், எந்த மருத்துவரிடமும் தயங்காமல் கேட்கலாம் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இளையோர் நல ஆலோசகர்