படைவீரர்களுக்கும் ஒரு தோட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போரிலிருந்து திரும்பிய வீரருக்கு மாத்திரையும் ஆலோசனையும் தருகிறோம், சரி, அப்புறம் மீதி நாள் முழுக்க அவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே அமெரிக்க மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தினார்கள். போர் தந்த மனக்காயத்தின் இன்றைய பெயரான ‘பிடிஎஸ்டி’ (PTSD) அந்நாட்டு மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதோ 1980இல்தான். நாலு பேர் சேர்ந்து பாத்தி கட்டும்போது பேச்சு தானாக வரும், எதிரே உட்காரவைத்து ‘சொல்லுங்கள்’ என்றால் வராது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கை எட்டும்படி பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள், திடீரென்று சத்தம் போடும் இயந்திரங்களைத் தள்ளி வையுங்கள், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து பெஞ்சு போடுங்கள். சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. மறுவாழ்வுத் திட்டம் போடுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் நிலம் ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகர்