அக்கா, அந்த மௌனத்துக்கு நன்றி

மனநல ஆலோசகர் உரிமத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. அந்தத் தேர்வுக்குப் படித்த எங்கள் குழு சார்பில் நன்றி சொல்லவே இந்த மடல்.

குறிப்பேடுகளைக் கொடுத்தவர்களுக்கும், முழு நீள மாதிரித் தேர்வு எழுத அமைதியான அறையைத் திறந்துவிட்டவர்களுக்கும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், வேலை நாளை மாற்றிக்கொண்ட சக ஊழியர்களுக்கும், கூடுதல் நேரச் சலுகை தேவைப்படுவோர் தேதி குறிக்கும் முன்பே சான்றுகளோடு கேட்டுவிட வேண்டும் என்று எச்சரித்தவருக்கும், தேர்வுக்கு முன் 10 நிமிடம் பயத்தையெல்லாம் தாளில் கொட்டச் சொன்னவருக்கும் மனமார்ந்த நன்றி.

அக்கா, உங்களுக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் மாலையில் ஒரு குரல் பதிவு, அதில் ஒரே ஒரு கேள்வி. ஆறுதல் வார்த்தை எதுவும் இருக்காது. கேள்வியையும் விடைகளையும் நிதானமாக வாசிப்பீர்கள், பிறகு மௌனம். தொடக்கத்திலிருந்து சரியாக 67ஆவது விநாடியில் உங்கள் குரல் திரும்பி வரும். நாங்கள் எழுதிய அமெரிக்காவின் தேசிய ஆலோசகர் தேர்வில் 200 கேள்விகள், 225 நிமிடங்கள். வகுத்தால் ஒரு கேள்விக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அது எவ்வளவு நீளமான நேரம் என்பது அந்த மௌனத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரிகிறது.

நீங்கள் அனுப்பிய ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். முதல் அமர்விலேயே ஒருவர், தூக்கமே இல்லை, வாழ்ந்து என்ன ஆகப் போகிறது என்கிறார். ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது என்ன? எதிர்மறை எண்ணங்களை அடையாளம் காண உதவுவது என்ற விடை, சிகிச்சை முறையை நன்றாகப் படித்தவரைத்தான் முதலில் இழுக்கும். மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் தவறில்லை போலத் தோன்றும். ஆனால் கேட்டது ‘முதலில்’ என்று. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதுதான் சரி. பாதுகாப்பு, அதன்பின் மதிப்பீடு, அதற்கும் பின்புதான் சிகிச்சை. கேள்வியில் இல்லாத எதையும் நாமாகச் சேர்க்கக் கூடாது. மற்ற விடைகள் ஏன் தவறு என்பதையும் விடாமல் சொல்வீர்கள். தெரியாமல் விட்டதா, தவறாகப் படித்ததா, சரியாக எழுதிவிட்டுப் பயத்தில் மாற்றியதா என்று பிழைகளைப் பிரித்து எழுதச் சொன்னதும் நீங்கள்தான். முதல் வகைக்குப் புத்தகம் போதும். மற்ற இரண்டுக்கும் எத்தனை புத்தகம் படித்தாலும் பயனில்லை.

தேர்வுப் பதற்றத்தை லீபர்ட், மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1967இலேயே இரண்டாகப் பிரித்தார்கள்: உடலின் படபடப்பு ஒன்று, மனத்தின் கவலை இன்னொன்று. மதிப்பெண்ணை அதிகம் தின்பது கவலைதான். கேள்வியின் விவரங்களை ஏந்த வேண்டிய நினைவின் இடத்தை ‘தவறிவிட்டால்?’ என்ற ஒற்றைச் சொல் அடைத்துக்கொள்கிறது. இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேள்வியை மனத்தில் நிறுத்த அந்த மௌனம்தான் பழக்கியது. 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விட்டால், மூன்று மூச்சுக்கு அரை நிமிடம். அதற்கு அங்கே இடம் இருக்கிறது. அப்படியும் ஒன்றும் ஓடவில்லை என்றால் ஒரு விடையைத் தேர்ந்து, குறியிட்டு, நகர்ந்துவிட வேண்டியதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அந்த 200இல் 40 வெறும் சோதனைக் கேள்விகள், கணக்கிலேயே சேராதவை. அவை எவை என்று யாருக்கும் தெரியாது. விசித்திரமான ஒரு கேள்வியைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை என்று நீங்கள் சொன்னது, தேர்வு அறைக்குள் எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்தது தெரியுமா அக்கா!

உங்களுக்குத் திருப்பித் தர எங்களிடம் ஒன்றுமில்லை. அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு இனி நாங்கள் முறை வைத்துக் கேள்விகளைப் பதிவு செய்து அனுப்புவோம். மௌனத்தில் ஒரு விநாடியைக்கூட வெட்ட மாட்டோம். வேண்டுபவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். முதல் முறை தவறியவர்கள், மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதியில் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.