ப்ரூஜ் மணிக்கூண்டு சர்ச்சோடது இல்ல, ஊரோடது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பெல்ஜியம் பயணக் கட்டுரை படிச்சேன், படமெல்லாம் நல்லா வந்திருந்துச்சு. ஆனா ப்ரூஜ் மணிக்கூண்டுக்கு மூணே வரிதான் ஒதுக்கியிருக்கீங்க, அதுலயும் பழைய சர்ச் கோபுரம், 366 படி ஏறினா ஊர் மொத்தமும் தெரியும்னு முடிச்சுட்டாங்க. அது சர்ச் கோபுரமே இல்லைங்க. நான் அங்க ஏறிப் பாத்தவன், அதனாலதான் மனசு கேக்காம எழுதுறேன்.

1240 வாக்குல கம்பளித் துணி யாவாரத்துல ஓங்கி நின்ன ஊர் அது. சர்ச்சுக்கு மணி இருக்கு, பிரபுவுக்குக் கோட்டை இருக்கு, நமக்குன்னு ஒண்ணு வேணும்னு ஊர்க்காரங்க எழுப்பினதுதான் இந்தக் கோபுரம், கீழ ஒட்டினாப்ல இருக்கிற பெரிய கட்டடமே துணிச் சந்தைதான். காலைல வேலைக்குக் கூப்பிடறதுக்கும் சாயங்காலம் விடறதுக்கும் ராத்திரி ஊர்க்கதவு சாத்தறதுக்கும் எங்கயாவது தீப்பிடிச்சா எல்லாரையும் எழுப்பறதுக்கும் இந்த மணிங்கதான்.

ஏறும்போது பாதி வழிக்கு முன்னாடியே ஒரு ரூம் வரும், இரும்புக் கம்பிக் கதவு போட்டிருக்கும். மேல போய் போட்டோ எடுக்கிற அவசரத்துல நிறைய பேர் அதை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறாங்க. ஊரோட உரிமைப் பத்திரங்களைப் பூட்டி வெச்ச இடம் அது, பூட்டு ஒண்ணு ரெண்டு இல்ல, சாவியும் ஒரே ஆள் கையில கிடையாது, பல பேர் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். அவ்வளவு ஜாக்கிரதை ஏன்னா, 1280ல கோபுரம் தீப்பிடிச்சு உள்ள இருந்த பத்திரங்க எல்லாம் போயிடுச்சு, பழைய உரிமையை அப்படியே திரும்ப எழுதிக் கொடுக்க பிரபு இழுத்தடிச்சாரு, ஊர்ல பெரிய கலகமே வந்துச்சு. காகிதம் போனா உரிமையும் போச்சுன்னு அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவங்க கட்டின ரூம் அது. எனக்கு அந்தக் கம்பிக் கதவு முன்னாடி நின்னதுதான் மேல இருந்து பாத்ததை விட மனசுல நிக்குது.

இன்னும் மேல போனா பீப்பா மாதிரி ஒரு பெரிய உலோக உருளை, 1748ல செஞ்சது, எடை 9 டன்னுக்குக் கிட்ட. உடம்பு பூரா வரிசையா துளை, அதுல வேணுங்கிற இடத்துல மட்டும் முளை அடிச்சிருக்காங்க. கால் மணிக்கு ஒரு தடவை உருளை மெதுவா சுத்த ஆரம்பிக்கும், முளை வந்து ஒரு நெம்பை இடிக்கும், நெம்பு கம்பியை இழுக்கும், கம்பி மேல போய் சுத்தியலைத் தூக்கி மணில போடும், இவ்வளவும் உங்க கண்ணு முன்னாடியே நடக்கும், பாட்டு தலைக்கு மேல கேக்கும். முளைங்களை மாத்தி அடிச்சா பாட்டு மாறிடும். மொத்தம் 47 மணி. இது போக சில நாள்ல ஒரு கலைஞர் வந்து உக்காந்து வாசிப்பாரு, விரலால இல்ல, மரக்கட்டைங்களை மடக்கின கையால குத்தி, பெரிய மணிங்களைக் காலால மிதிச்சு. அதைக் கேக்க மேல ஏறவே வேணாம், கீழ சந்தைக்கட்டட முற்றத்துல உக்காந்து கேட்டாலே அருமையா இருக்கும்.

ஏறப்போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். போகப்போக படி குறுகிட்டே வரும், ஏறறவங்களும் இறங்கறவங்களும் ஒரே படிதான், பிடிச்சுக்க ஒரு தடிச்ச கயிறு இருக்கும். கூட்டத்தை அளவாத்தான் உள்ள விடுவாங்க, அதனால டிக்கெட்டை முன்னாடியே எடுத்துக்கறது நல்லது. உருளை ரூமுக்கு வந்தா அடுத்த கால் மணி வரைக்கும் காத்திருந்து அது சுத்தறதைப் பாத்துட்டே மேல போங்க. உயரம் 83 மீட்டர், இப்ப உச்சில கூர்முனை கிடையாது, மரத்துல வெச்சதெல்லாம் 1493லயும் 1741லயும் எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அப்படியே விட்டுட்டாங்க.

அடுத்த பகுதி கெண்ட் ஊர்னு போட்டிருக்கீங்க. அங்கயும் ஊரோட மணிக்கூண்டு இருக்கு, 91 மீட்டர், லிஃப்ட் உண்டு, முட்டி வலிக்காரங்களுக்கு அந்த விவரம் கட்டாயம் போடுங்க. கூடவே ரோலண்டுங்கிற மணியைப் பத்தியும் எழுதுங்க. வரி கட்ட மாட்டோம்னு ஊர் எழுந்து நின்னதுக்கு, 1540ல அஞ்சாம் சார்லஸ் சக்கரவர்த்தி கொடுத்த தண்டனைல அந்த மணியைக் கீழ இறக்கணும்ங்கறதும் ஒண்ணு. ஊர்க்காரங்களுக்கு அந்த மணி எவ்வளவு பெருசுன்னு சக்கரவர்த்திக்கே தெரிஞ்சிருக்கு, நம்ம வாசகர்களுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருச்சி