சின்ன வகுப்புகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் செய்து பார்க்கும் அறிவியல் வேண்டி மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: 1 முதல் 3ஆம் வகுப்பு வரை சூழ்நிலையியல், அறிவியல் பாடங்களைச் செய்முறையாக நடத்த எழுத்து மூலம் அனுமதியும் எளிய பொருள்களும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பள்ளியில் 41 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர். முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். இந்தக் குழுவின் தலைவியாகவும், மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாகவும் இதை எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த சமயம், என் மகள் ஒரு பாட்டிலில் தலைப்பிரட்டைகளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அன்று நோட்டு முடிக்க வேண்டியிருந்ததால் பாட்டில் வாசலிலேயே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாய்க்கால் தண்ணீரும் கொஞ்சம் பாசியும் போட்டு ஒரு அகலச் சட்டியில் விட்டோம். தினமும் பார்த்தாள். சில வாரங்களில் பின்னங்கால்கள் வந்தன, அப்புறம் முன்னங்கால்கள். வால் குட்டையாகிக்கொண்டே வந்து ஒருநாள் காணவில்லை. உதிர்ந்து விழுந்திருக்கும் என்று நினைத்து, சட்டித் தண்ணீரை வடிகட்டித் தேடினாள். கிடைக்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் கேட்டபோது, வால் விழுவதில்லை, தவளையின் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று அருமையாக விளக்கினார். எனக்கே அன்றுதான் தெரியும். அந்த ஐந்து நிமிடம் வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆதங்கம்.

டீச்சர் மீது எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், ஆசையும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப் போனால், பார்வைக்கு வருகிறவர்கள் "வகுப்பு ஏன் காலியாக இருக்கிறது, நோட்டில் ஏன் ஒன்றும் எழுதவில்லை" என்று கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அதனால் ஜன்னலுக்கு வெளியே புங்கமரம் நிற்க, பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து வேர், தண்டு, இலை என்று வரைகிறார்கள். ஏழு வயதில் கேள்வி தானாக வருகிறது. அதை நோட்டுக்குள் அடக்கிப் பழக்கிவிட்டு, ஆறாம் வகுப்பில் கேள்வி கேட்கச் சொன்னால் பிள்ளை எங்கே போகும்?

செயல்பாடுகள், கண்டறிதல், ஆராய்ந்து பார்த்தல் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆவது பிரிவில் சொல்கிறது. செயல்வழிக் கற்றலை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது நம் தமிழ்நாடு. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது, ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே, வாரத்தில் ஒரு மணி நேரம் இவ்வகுப்புகள் பள்ளி வளாகத்திலோ அருகிலோ பார்த்து, தொட்டு, அளந்து கற்கலாம் என்றும், அந்த நேரத்துக்கு நோட்டு எழுதியிருக்க வேண்டியதில்லை என்றும் தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். எங்களுக்கு முக்கியமானது இதுதான். இது வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கூடவே ஐந்தாறு கைலென்ஸ், இரண்டு காந்தம், ஒரு தராசு, ஒரு அளவுநாடா தந்தால் போதும். பச்சைப்பயறு, பஞ்சு, டம்ளர் எல்லாம் நாங்களே கொடுத்துவிடுவோம். ஒரு டம்ளரை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைத்து, எது முளைக்கும் என்று முதலில் பிள்ளைகளையே சொல்லச் சொல்ல வேண்டும். இருட்டில் வைத்த பயறும் முளைத்து, வெளுத்து, இன்னும் உயரமாக நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும். அருகிலுள்ள நடுநிலைப் பள்ளிக்கு வரும் வானவில் மன்றக் கருத்தாளர் மாதம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கும் வர முடிந்தால் இன்னும் நல்லது.

வெளியே போகும் நேரத்தில் பாதுகாப்புக்கு இரண்டு தாய்மார்கள் முறைவைத்து உடன் வருவோம் என்று குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். வாய்க்கால் கரைக்குப் பிள்ளைகளைத் தனியே விடமாட்டோம். தங்கள் அனுமதி வந்த வாரமே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் மற்றும் பெற்றோர் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.