உய்த்துணர் வினாக்களைக் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) நடத்தும் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்யும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

இரண்டாம் தாளான சிசாட்டில் (திறனறித் தாள்), அறிவியல் அல்லது பொருளாதாரம் சார்ந்த ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து பெறத்தக்க முடிவு எது என்று கேட்கும் வினாக்களைப் பற்றியே இம்மடல். 80 வினாக்களும் 200 மதிப்பெண்ணும் கொண்ட இத்தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்று 2015இல் ஆனபின், இதனைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. தவறான ஒவ்வொரு விடைக்கும் அந்த வினாவுக்குரிய 2.5 மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுவதால், முதல் தாளை நன்றாக எழுதியும் இதில் ஓரிரு வினாக்களில் தவறிப்போனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஞாயிறுதோறும் ஒரு நூலகத்தில் சில மாணவர்களோடு அமர்ந்து பயிற்சி செய்துவருகிறேன். சென்ற மாதம் நானே எழுதிக் கொடுத்த ஒரு பத்தியின் சாரம் இது: யூரியாவிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியையே பயிர் எடுத்துக்கொள்கிறது, எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரோடு கசிந்து வீணாகிறது, வேப்பெண்ணெய்ப் பூச்சு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. வேளாண்மை படித்த மாணவர் ஒருவர், மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிடப்படுவதைப் பூச்சு தடுக்கும் என்ற விடையைச் சற்றும் தயங்காமல் குறித்தார். அவர் சொன்னது பொய்யன்று. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015இல் பூச்சு கட்டாயமாக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பத்தியில் எந்த வரி அதைச் சொல்கிறது, அதன்மேல் விரலை வையுங்கள் என்றேன். விரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இறங்கி, மீண்டும் மேலே போய், எங்கும் நிற்காமல் திரும்பிவந்தது. பூச்சிட்டால் தழைச்சத்து கசியும் நிலையை அடையக் கூடுதல் காலம் ஆகும் என்ற எளிய விடைதான் சரியானது. இவ்வளவு வெளிப்படையானது விடையாக இருக்காது என்று எண்ணி அதை விட்டுவிட்டதாக அவர் சொன்னார். தொழில்நுட்பப் பத்திகளில் துறை அறிந்தவரே அதிகம் தடுமாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்தாக நம்மில் பலர் கொடுப்பது குறுக்குவழி: ‘மட்டுமே’, ‘எல்லா’, ‘ஒருபோதும்’ என்ற சொற்கள் வந்தால் அந்த விடையை அடித்துவிடு என்பது. மனித உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்க இயலாது என்று பத்தி சொன்னால், அது உடலுக்கு வெளியிலிருந்து மட்டுமே கிடைக்க முடியும் என்ற முடிவு முற்றிலும் சரி. குறுக்குவழி அறிந்த மாணவர் அதைத்தான் முதலில் அடிப்பார். சொல் கடுமையானதா என்பதை விட்டுவிட்டு, அந்தக் கடுமையைப் பத்தி தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லலாமே. விடையை மறுத்துப் பார்த்து, அம்மறுப்பு பத்தியோடு மோதினால் அது முடிவு என்று கொள்ளலாம். மோதாமல் இரண்டும் அருகருகே நிற்க முடிந்தால் அது முடிவன்று.

இதே மறுப்புச் சோதனையை அனுமானத்துக்கும், அதாவது ஆசிரியர் சொல்லாமல் வைத்துக்கொண்ட அடிப்படைக்கும், வேறுபாடு சொல்லாமல் கற்பிப்பது குழப்பத்தை வளர்க்கிறது. அனுமானத்தை மறுத்தால் வாதம் சரிய வேண்டும். முடிவை மறுத்தால் பத்தியே பொய்யாக வேண்டும். ஒரே தாளில் இரண்டும் கேட்கப்படுவதால், வினாவின் முதல் வரியை மாணவர் இருமுறை படிப்பது வீண் வேலை ஆகாது.

மின்னுற்பத்தியில் நிலக்கரியின் பங்கு குறைந்தது என்ற வரியிலிருந்து எரிக்கப்படும் நிலக்கரி குறைந்தது என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி காணும் பிழை. மொத்த உற்பத்தி பெருகினால் பங்கு குறைந்தும் அளவு கூடலாம்.

நம் மாணவர்களுக்கு மொழியாலும் ஒரு தொல்லை உண்டு. இத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ்வழி படித்தவர் ஆங்கில வரியை மனத்துக்குள் தமிழாக்கிப் படிக்கிறார். அப்போது ‘குறையலாம்’ என்று வரவேண்டியது ‘குறையும்’ என்று நின்றுவிடுகிறது. அந்த ‘லாம்’ ஒன்று உதிர்ந்ததும் நான்கு விடைகளில் இரண்டு சரியாகத் தோன்றுகின்றன. இதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் திருத்த முடியாது.

தேர்வாணையத்தின் விடைக்குறிப்பே சில வினாக்களில் இந்தக் கண்டிப்பைக் கடைப்பிடிப்பதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், கண்டிப்பாகப் பெறத்தக்க முடிவு எதுவும் இல்லாதபோது பத்திக்கு மிக அருகில் நிற்பதைத் தேர்வதைத் தவிர வழியில்லை. ஆனால் அந்தச் சில வினாக்களை முன்வைத்து எல்லாவற்றையும் ஊகமாக்கிவிடுவது மாணவருக்கு நட்டம்.

ஆகவே ஒரே வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் மாதிரித் தேர்வுகளின் விடைத்தாளில், சரியான விடையின் எழுத்தோடு, அது பத்தியின் எந்த வரியிலிருந்து வருகிறது என்ற எண்ணையும், தவறான மூன்றில் ஒவ்வொன்றும் எந்தச் சொல்லால் விழுகிறது என்பதையும் அச்சிடுங்கள். அப்படி எண் கொடுக்க முடியாத வினா ஏதேனும் இருந்தால், அதை மாணவரிடம் கொடுக்கும் முன்பே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒருவன்