செம்புக் கம்பியும் படிப்பு முனையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வரும்போதே பழுதான கணினியையும் தூக்கிக்கொண்டு மாடியேறும் உங்களுக்கு எங்கள் கடையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இரண்டு வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பை உங்களில் பலர் எனக்கே அனுப்பிவைத்தீர்கள். ஒருவரின் ஹார்டு டிஸ்க்கில் படிப்பு முனையின், அதாவது தட்டில் காந்தமாகப் பதிந்துள்ளதை மின்தடை மாற்றத்தால் படிக்கும் நுண்ணிய பகுதியின், மின்தடை தாறுமாறாக இருந்ததால், முனையை மாற்ற வேண்டும் என்றோம். காந்தத்தால் மின்தடை மாறும் என்பதே காசு பிடுங்கும் கதை என்றும், செம்புக் கம்பியருகே காந்தத்தை வைத்து, மின்தடையை அளக்கும் மல்ட்டிமீட்டரில் பார்த்தபோது ஓர் எண்கூட அசையவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். விலை அதிகம் என்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பொய் சொன்னோம் என்பதுதான் உறுத்துகிறது.

செம்பில் அவர் கண்டது சரியே. மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும் எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி (ஸ்பின்) என்றொரு பண்பு உண்டு; அது மேல், கீழ் என இரு வகைப்படும். செம்பில் இரு வகையும் ஒரே அளவு தடைபடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகியவற்றில், 1936இல் இயற்பியலாளர் நெவில் மாட் விளக்கியபடி, இரு வகையும் தனித்தனி ஓட்டங்களாகச் செல்கின்றன. ஒரு வகை அடிக்கடி சிதறுகிறது, மற்றது எளிதாகக் கடக்கிறது. எது எளிதாகக் கடக்கும் என்பதை அந்த உலோகத்தின் காந்தத் திசை முடிவு செய்கிறது.

தீபாவளிக் கூட்டத்தில் சிராங்கூன் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடம் முழுக்கத் திறந்திருந்தால் வண்டிகள் நகரும். முதல் பாதியில் இடத்தடத்தையும் அடுத்த பாதியில் வலத்தடத்தையும் அடைத்து, தடம் மாறவும் விடாவிட்டால் எல்லாரும் சிக்குவார்கள். அருகருகே உள்ள இரண்டு காந்தப் படலங்கள் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவதும், எதிரெதிராக இருந்தால் கூடுவதும் இவ்வாறே. 1988இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினர், இடையிடையே ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் குரோமியம் வைத்த இரும்புப் படலங்களைக் கடுங்குளிரில் காந்தப்புலத்துக்கு உட்படுத்தியபோது, மின்தடை ஏறக்குறையப் பாதியானது. ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனியே இதைக் கண்டார்; 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1997இல் ஐபிஎம் இம்முறையை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவந்தது. முனையில் ஒரு படலத்தின் திசை பூட்டப்பட்டிருக்கும். மற்றதைத் தட்டிலுள்ள காந்தப் பதிவுகள் திருப்பும். அதனால் ஏறி இறங்கும் மின்தடையே உங்கள் திருமணப் படங்களாகத் திரையில் வருகிறது. (இப்போதைய முனைகளில் நடுவே மின்கடத்தாப் படலம் வந்துவிட்டது, ஆனாலும் தற்சுழற்சியை நம்பித்தான் அவை இயங்குகின்றன.) நமக்கு உறைக்காத நிலைமின்சாரம்கூட அப்படலங்களை உருக்கவோ, பூட்டிய திசையைக் குலைக்கவோ போதும். அந்த டிஸ்க்கின் மூடி எங்களிடம் வருமுன்பே கழற்றப்பட்டிருந்ததைக் குறிப்பு சொல்லவில்லை.

எங்கள் குறையும் உண்டு. நெடுநாள் இருந்த தொழில்நுட்பர் ஊர் திரும்பியபின், முகப்பில் உள்ள இளைஞர் அரை நிமிடத்தில் விளக்கி அனுப்பிவிட்டார், அதற்கு வருந்துகிறேன்.

குறிப்பைப் படித்த பிறகும் வழக்கம்போல் வந்தவர்களுக்கும், எங்களுக்காகக் குழுக்களில் வாதாடியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சோதனைக் கட்டணம் அடுத்த மாதம் முதல் 30 வெள்ளியிலிருந்து 45 வெள்ளியாகிறது. குறிப்பு எழுதியவரும் ஒருநாள் வரலாம்; நல்ல முனைக்கும் கெட்ட முனைக்கும் எங்கள் கருவி காட்டும் அளவுகளை அவரே பார்க்கட்டும். மல்ட்டிமீட்டரை மட்டும் முனையில் வைக்க வேண்டாம். அதன் மின்னோட்டமே முனையைக் கெடுத்துவிடக்கூடும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்